சாரலுக்குப் போகும் ஆச்சிமார்

சிவகிரியிலிருந்து குற்றாலம் ஐம்பது கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று வலது கைப்பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் இதைப் பயணம் என்று யாரும் சொல்வதில்லை. ‘குளிக்கப் போறோம்’ என்பார்கள், ஏதோ தெருமுனைக் கிணற்றுக்குப் போவதுபோல. காசிக்குப் போகிறவர் மாத்திரை டப்பா எடுத்துவைக்கிறார். மகனைப் பார்க்க வெளிநாடு போகிறவர் மருந்துச் சீட்டை நகலெடுத்துப் பையில் போடுகிறார். குற்றாலம் போகிறவர் கையில் துண்டும் மாற்றுச் சேலையும் மட்டும். எழுபது தாண்டிய உடம்புக்கு ஐம்பது கிலோமீட்டரும் பயணம்தான் என்பது வேனில் இருக்கும் இளவட்டம் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆச்சிமாருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க மாட்டார்கள்.

என் பெரியம்மாவுக்கு பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. கால் வீக்கத்துக்காக நீர் மாத்திரையும் உண்டு. ஒரு சீசனில் வேன் ஏறும்போது, “பெரியம்மா, மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டேன். “போட்டாச்சு, போட்டாச்சு” என்றார். நீர் மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிட்டார் என்பது சாயங்காலம் கால் பானைபோல வீங்கியபோதுதான் தெரிந்தது. காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. “வழியில எங்க எறக்கிவிடச் சொல்றது? வண்டி நின்னா எல்லாரும் என் மூஞ்சியத்தான பாப்பாக” என்றார்.

இதை அறியாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. வழியில் கழிப்பறை கிடைக்குமா என்பது ஒரு கேள்வி. கிடைத்தாலும் முழங்கால் மடக்கி உட்கார முடியாதவருக்கு அது உதவுமா என்பது அடுத்த கேள்வி. ஈரத் தரை, பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பிகூட இல்லாத சுவர். உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்த ஒருத்தி மாத்திரையையும் தண்ணீரையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறாள். ஊரில் எத்தனையோ ஆச்சிமார் கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகிற நாளில் இதையேதான் செய்கிறார்கள்.

உடம்பு இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாலே பாதம் வீங்கும். பிரஷருக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையும் சிலருக்குக் காலை வீங்கவைக்கும். மூத்திரத்தை அடக்கி, தண்ணீரையும் குறைத்தால் நீர்த்தாரைத் தொற்றுக்கு வழி திறந்துவிடும். இளம்பெண்ணுக்கு அது எரிச்சலாக வரும். முதியவருக்குச் சில சமயம் எரிச்சலே இராது. இரண்டு நாள் கழித்து ஆள் மாறிப் பேசுவார், இடம் தெரியாமல் முழிப்பார். குற்றாலத்தில் காற்று பட்டுவிட்டது என்று வேப்பிலை அடிக்கப் போவார்கள். ஃபுரோசிமைடு போன்ற மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பயண நாளில் அதை எந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் கேட்டால் இரண்டே வரியில் பதில் கிடைக்கும். எல்லா நீர் மாத்திரையும் இப்படி இல்லை, சிலது நாள் முழுக்க வேலை செய்யும். அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறேன். ஆனால் பிரஷர் எவ்வளவு என்று சொல்லும் டாக்டரிடம் கழிப்பறையைப் பற்றிப் பேச நம் ஆச்சிமாருக்குக் கூச்சம்.

ஆண்கள் வேறு மாதிரி. பிராஸ்டேட் தொல்லைக்காக டாம்சுலோசின் சாப்பிடும் தாத்தாமார் அதை வீட்டில்கூடச் சொல்வதில்லை. அந்த மாத்திரை, சட்டென்று எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வேன் நின்றதும் முதல் ஆளாகக் குதிப்பார். கண் இருட்டிக்கொண்டு வரும். “ராத்திரி தூக்கமில்ல, அதான் கிறுகிறுன்னு வருது” என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

அருவிக்கரையில் நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ‘முதல்ல குளிச்சிருவோம், அப்புறம் சாப்பிடலாம்’ என்பது அங்கே எழுதாத சட்டம். குளித்துவிட்டு வந்தால் பசி பிய்த்துக்கொண்டு போகும், பரோட்டா ருசிக்கும், உண்மைதான். ஆனால் காலையில் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்ட ஒருவர் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கத் தொடங்கும். நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் அதன் அடையாளங்கள். அருவியில் நிற்பவருக்கு வியர்த்தால் யாருக்குத் தெரியும்? நடுங்கினால் குளிர் என்பார்கள். பேச்சுக் குழறினால் தண்ணீர் இரைச்சலில் கேட்காது. சர்க்கரை இறங்கிய ஒருவரை அடையாளம் காண இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. இதயத்துக்காக மெட்டோபிரலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும் சரியாகத் தெரியாமலே போகலாம். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் குறைவு. மற்றவர்கள், இட்லி கையில் வந்த பிறகு மாத்திரையை எடுத்தால் போதும். விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, கால் மணி நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் மூன்று. விழுங்க முடியாத அளவுக்கு மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108தான்.

இன்னொன்று, குற்றாலத்துக்கே உரியது. பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். மாத்திரை விவரம் தெரிந்த மகன் அந்தப் பக்கம் தலையைக் காட்டிக்கொண்டிருப்பார். ஆச்சி இந்தப் பக்கம் யாரோ நாலு பேர் நடுவே நெரிபடுவார். பெண்கள் பக்கம் ஆச்சியோடு நிற்கப்போவது மருமகளா, பேத்தியா என்பதை வேன் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அந்தப் பெண்ணுக்கும் குளிக்கத்தான் ஆசையிருக்கும், முறை வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடம் கரையோரம் வெளியேறும் வழியில் இருக்கட்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். ஓடித் தப்பும் வயதுக்காரனுக்கே அந்த நிலை.

குளித்து முடித்துக் கால் வலி தொடங்கும்போது, பக்கத்து மெடிக்கலில் ‘வலிக்கு ஒண்ணு குடுங்க’ என்று கேட்கும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் டைக்குளோபினாக் வகை. வலி போகும், மறுக்கவில்லை. ஆனால் டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிற, அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்பில் அதுவும் சேர்ந்தால் அடி வாங்குவது சிறுநீரகம். மாடுகளுக்குக் கொடுத்த இதே டைக்குளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் இந்தியாவில் கால்நடை வைத்தியத்திலிருந்து அதை விலக்கினார்கள். மனிதன் கழுகல்ல, ஒரு மாத்திரையில் சாக மாட்டான். ஆனாலும் கடைக்காரர் ‘வேற என்ன மாத்திரை சாப்பிடுதிய?’ என்று கேட்காவிட்டால் நாமாகவே சொல்ல வேண்டும். ஒரு பகல் வலிக்குப் பாரசிட்டமாலே பல நேரம் போதும்.

சின்னக் காயங்களில் நம் ஊர்ப் பழக்கம் பாதி நல்லது, பாதி ஆபத்து. பாறையில் கால் சிராய்த்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணியை மடித்து அழுத்திப் பிடிக்கிறார்கள், அது சரி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் நிற்கக் கூடுதல் நேரம் ஆகும். துணியை எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்தினால் நிற்கும். சங்கரன்கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. திறந்த புண்ணில் மட்டும் எந்த மண்ணும் வேண்டாம், ரணஜன்னிக் கிருமி மண்ணில்தான் இருக்கிறது. குரங்கு பிறாண்டினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும்.

வழுக்கி விழுந்தால் நாலு பேர் ஓடி வந்து சுளுக்கு என்று நீவிவிடத் தொடங்குவார்கள். இந்தக் கைகளைத் தடுக்க தைரியம் வேண்டும். வயதான எலும்பில் சுளுக்கும் முறிவும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது தொடை எலும்பு முறிவாக இருக்கலாம். நீவினால் நொறுங்கியது இன்னும் விலகும். தலையில் அடிபட்டவர், அதுவும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் ரத்தம் இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தலைவலியாகவும் தடுமாற்றமாகவும் வெளிப்படும்.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, ‘என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?’ இங்கேதான் குடும்பமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது. ஆச்சிக்குத் தெரிந்தது காலையில ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு ரோஸ். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, பெரிய காரியம். ஆனால் அட்டையைக் கத்தரித்து வேளைக்கு ஒன்றாகத் துணியில் முடிந்துகொள்ளும் பழக்கம் போகவில்லை. கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும்தான் முதலில் போகும். அட்டையை முழுசாக எடுத்துப் போங்கள், அல்லது பேரன் போனில் அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு வீட்டில் வரும் முடிவு என்ன? ‘உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல், வீட்லயே இருங்க.’ பெரியவர்கள் மறைப்பதற்குக் காரணமே இந்த வாக்கியம்தான். உண்மையைச் சொன்னவருக்குக் கிடைப்பது வேனில் இடமில்லை என்ற தண்டனை. அடுத்த முறை யார் சொல்வார்கள்? இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மாமா ஒருவர், “செத்தா அருவியில சாகுதேன், இப்ப என்ன?” என்பார். அவர் துணிச்சல் எனக்குப் பிடிக்கும், ஆனால் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் விழுந்தால் தூக்கப்போவது கூட வந்த சின்னப் பையன்கள். வேண்டாம் என்று தடுக்கவும் வேண்டாம், செத்தால் சாகிறேன் என்ற வீறாப்பும் வேண்டாம். புளியங்குடியில் வண்டியை நிறுத்துவது ஆச்சிக்காக என்று இல்லாமல், ‘எல்லாரும் டீ குடிப்போம்’ என்று நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பெரியம்மாவை இப்போது அப்படித்தான் கூட்டிப்போகிறோம். டிரைவர் பக்கத்துச் சீட்டு அவருக்கு, டிபன் தூக்கு மடியில், நீர் மாத்திரை டாக்டர் மாற்றிச் சொன்ன நேரத்துக்கு.

மீதிப் பாதி குடும்பத்தின் கையில் இல்லை. திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் உள்ள பஸ் நிலையங்களையும் குற்றாலத்து அருவிக்கரைகளையும் பராமரிக்கும் பேரூராட்சி, நகராட்சி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜூனில் சீசன் தொடங்குமுன், ஒவ்வொரு கழிப்பறைக் கட்டடத்திலும் நாற்காலிபோல உட்காரும் பீங்கான் ஒன்று, பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு இரும்புக் கம்பி, வழுக்காத தரை. பெண்கள் பக்கத்தில் முதலில் செய்யுங்கள்.