திடலுக்கு வெளியே நிற்பவர்

பிறர் செய்யும் செயலுக்கு ஒருவர் எந்த அளவுக்குப் பொறுப்பாவார்? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் இவ்வினா, ஆசிரியர்க்கு அன்றாட வினாவாகும். மாணவன் தேர்வில் தவறினால் பழி ஆசிரியரைச் சாருகிறது. சிறந்தால் புகழில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கிறது. இக்கணக்கு நேரியதுதானா? காற்பந்துப் பயிற்றுநர் ஒருவரின் பணியைக் கொண்டு எண்ணிப் பார்ப்போம்.

கே. இராஜகோபால் சிலாங்கூர் மாநிலத்திற்கும் மலேசியாவிற்கும் ஆடியவர், பின்னர்ப் பயிற்றுநரானார். ஆட்டக்காரர் தம் பிழையைத் தாமே ஓடித் திருத்தலாம். பயிற்றுநருக்கு அவ்வுரிமை இல்லை; ஆட்டம் நடக்கையில் இசைவின்றித் திடலுக்குள் புகுவது விதிமீறலாகும்.

2009ஆம் ஆண்டு லாவோசில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியில், அவருடைய இளைஞர் குழு பிரிவாட்டத்தில் வியட்நாமிடம் 1–3 எனத் தோற்றது. இறுதியாட்டத்தில் அதே வியட்நாமை 1–0 என வென்று, 20 ஆண்டுகளுக்குப் பின் நாட்டிற்குத் தங்கம் கொணர்ந்தது. ஆயின், அந்த ஒரே கோல் வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவர்மீது பட்டு அவர்தம் வலைக்குள்ளேயே புகுந்ததாகும்.

2010 டிசம்பர் 1ஆம் நாள், சுசுகி கிண்ணப் போட்டியில் மலேசியா இந்தோனேசியாவிடம் 1–5 எனத் தோற்றது. டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் அதே இந்தோனேசியாவை 3–0 என வென்றது. ஜகார்த்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1–2 எனத் தோற்றும், மொத்தம் 4–2 எனக் கிண்ணத்தை முதன்முறையாக அடைந்தது. 2012இல் அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றது. 2013இல் இராஜகோபாலின் பொறுப்புக் காலமும் முடிவுற்றது.

முடிவை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், ஒரே மனிதர் 2010இல் மேதையாகவும் 2012இல் திறனற்றவராகவும் மாறினார் என்றன்றோ கூற நேரும்? தங்கப் பதக்கத்திற்கும் வியட்நாம் ஆட்டக்காரருக்கே நன்றி கூற வேண்டியிருக்கும். மாறாக, பயிற்றுநருக்கு எப்பொறுப்பும் இல்லையென்றால், 1–5க்கும் 3–0க்கும் இடைப்பட்ட 25 நாள்களுக்குப் பொருளே இல்லாமற் போகும்.

பழி வேறு, பொறுப்பு வேறு. பழி, நடந்து முடிந்ததை நோக்குகிறது. பொறுப்பு, மறுநாள் செய்ய வேண்டியதை நோக்குகிறது. பந்தின் போக்கு பயிற்றுநர் கையில் இல்லை. தோல்விக்குப் பின்வரும் நாள்கள் அவர் கையில் உள்ளன.

ஆசிரியர்க்கும் அஃதே. மாணவனின் தோல்வி முழுவதையும் தாமே சுமக்கும் ஆசிரியர், அவனுக்கென்று ஒரு முயற்சி உண்டு என்பதை மறுத்தவராகிறார். முழுவதையும் அவன்மீதே சுமத்துபவரோ தம் பணியையே மறுக்கிறார். செபராங் ஜெயாத் திடலில் சிறுவர்க்குப் பந்தாட்டம் பயிற்றுவோர்க்கும் வகுப்பறையில் தமிழ் பயிற்றுவோர்க்கும் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: தோற்ற பிள்ளை மறுநாள் வந்து நிற்கும்போது, அவனுக்காக நாம் புதிதாக என்ன ஆயத்தம் செய்து வைத்திருக்கிறோம்?