கைக்குத் தெரியும் உண்மை

நம் பிழையை மூடி மறைப்பவர் நண்பரா, எடுத்துச் சொல்பவர் நண்பரா? இந்தப் பழைய கேள்விக்கு டேபிள் டென்னிஸ் மட்டை ஒரு பதில் வைத்திருக்கிறது.

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு தகப்பனார் பிள்ளைக்கு மட்டை வாங்கப் புறப்படுகிறார். கார்பன் இழை வைத்த மட்டை விலை அதிகம், பந்து பறக்கும், நடுவிடம் தவறிப் பட்டாலும் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஐந்தோ ஏழோ மரத் தகடுகளை மட்டும் ஒட்டிய முழுமர மட்டை அப்படியல்ல. பந்து அதில் ஒரு கணம் தங்கிப் போகும். ஓரத்தில் பட்டால் அந்த அதிர்வு உடனே உள்ளங்கைக்கு வந்துவிடும்.

ஓசையும் இப்படியொரு தூதுதான். 1952-ல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்து பட்டம் வென்றார். ஓசையைக் கொண்டு அடியை அளந்து பழகியவர்கள் அந்த மௌனத்தின் முன் தடுமாறினார்கள். மௌனம் எதிராளியைத் தடுமாற வைக்கலாம். ஆடுகிறவனிடமே மட்டை மௌனம் சாதித்தால்?

இழை குற்றமன்று. பலகையின் கனத்தில் 85 சதவிகிதமாவது இயற்கை மரமாக இருக்கவேண்டும் என்கிறது சர்வதேச விதி. உதவிக்கு இடம் உண்டு, எல்லையும் உண்டு. தேர்ந்தவனுக்கு உதவி பலம். கற்பவனுக்கோ அது திரை. பிள்ளையின் வீட்டுக் கணக்கைத் தாமே போட்டுக் கொடுக்கும் தகப்பனாரும் அன்பினால்தான் அதைச் செய்கிறார். ஆனால் எங்கே தவறினோம் என்பதைப் பிள்ளை எப்பொழுது அறிவான்?