முருகன்கிட்ட கோபப்படலாமா?



அடியார் சொந்தங்களே, 2018 கந்தசஷ்டி ஞாபகம் இருக்கா? நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை சூரசம்ஹாரம். அதுக்கு முந்தின நாள் நம்ம சிக்கலில் சிங்காரவேலர் அம்மாகிட்ட வேல் வாங்கினார். ஆறு நாள் விரதம் இருந்தவங்க திருக்கல்யாணம் பார்த்து விரதத்தை முடிச்சாங்க. 16-ம் தேதி வெள்ளிக்கிழமை, விடியறதுக்கு முன்னாடியே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில தோப்பு தோப்பா தென்னை சாய்ஞ்சுது. நெல்லு போனா அடுத்த போகம் பார்த்துக்கலாம்னு மனசைத் தேத்திக்கலாம். தென்னை அப்படியில்லை. கன்று வச்சுக் காய் பார்க்கவே வருஷக்கணக்கா ஆகும். தாத்தா வச்ச மரத்தை நம்பி கல்யாணக் கடன், படிப்புக் கடன் வாங்கின வீடுகளும் அதுல உண்டு, சஷ்டி விரதம் இருந்த வீடுகளும் உண்டு. அங்கே எழுந்த கேள்வி ரொம்ப நேரானது. "உனக்காகப் பட்டினி கிடந்த வயிறு இன்னும் ஆறலையே முருகா, இது நியாயமா?"

இப்படிக் கேட்டால் உடனே பதில் சொல்ல நாலு பேர் வந்திடுவாங்க. கர்மவினை, சோதனை, எல்லாம் நன்மைக்கே. கேட்டவர் வாயை மூடிக்குவார். அப்புறம் பூஜை அறையிலும் வாயை மூடிக்குவார். அதுதான் எனக்குக் கவலை.

கேள்வி கேட்பது பக்திக் குறைவுன்னு நினைக்கிறவங்க திருவாரூர் மாவட்டத்துத் திருவீழிமிழலைக்கு ஒருமுறை போயிட்டு வரணும். அப்பரும் சம்பந்தரும் அங்கே தங்கியிருந்தப்போ கடும் பஞ்சம். அடியார்களுக்குச் சோறு போடச் சிவபெருமான் ஆளுக்கு ஒரு காசு தினமும் பீடத்தில் வச்சார்னு பெரியபுராணம் சொல்லுது. அப்பர் உழவாரம் பிடிச்சுக் கைத்தொண்டு செய்தவர், அவருக்குக் கிடைச்சது நல்ல காசு. சம்பந்தருக்குக் கிடைச்சதோ வாசி உள்ள காசு. வாசின்னா, காசை மாற்றும்போது கடைக்காரர் பிடிக்கிற கழிவு. கழிவு பேசி, அரிசி வாங்கி, உலை வைக்கறதுக்குள்ள நேரமாயிடும். அப்பர் மடத்துல பந்தி முடிஞ்சிருக்கும், சம்பந்தர் மடத்துல அடியார்கள் பசியோட காத்திருப்பாங்க.

சம்பந்தர் என்ன செய்தார்? பஞ்ச காலத்துல காசு கிடைச்சதே பெரிசு, பேசாம வாங்கிப்போம்னு இருந்திருக்கலாம். இருக்கலை. நேரா சுவாமிகிட்ட போய், இந்த வாசியை நீக்கிக் கொடுன்னு ஒரு பதிகமே பாடிட்டார். உலகப் பஞ்சத்தைப் பற்றிப் பொதுவா அழலை பாருங்க. காசுல கழிவு பிடிக்கிறாங்க, சாப்பாடு தாமதமாகுது, அவ்வளவுதான் மனு! அருணகிரிநாதர் சம்பந்தரை முருகனாகவே கண்டு பாடினவர். அந்தக் கணக்குப்படி, அப்பா கொடுத்த காசு சரியில்லைன்னு குறை சொன்னவரே நம்ம முருகன்தான்.

சுந்தரர் கதை இன்னும் காரமானது. சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினதால கண் போச்சு. தப்பு அவர் மேலதான், அதை அவர் மறைக்கவும் இல்லை. காஞ்சியில ஒரு கண் கிடைச்சுது. மிச்ச ஒரு கண்ணுக்காகத் திருவாரூர் வந்து தியாகேசர் முன்னாடி நின்னு, அடியார் இப்படித் தவிக்கும்போது நீர் மட்டும் நல்லா இரும் என்கிற தொனியில பாடினார். அந்தப் பதிகத்தை யாரும் ஒளிச்சு வைக்கலை. ஏழாம் திருமுறையில இருக்கு, ஓதுவார்கள் பாடுறாங்க.

ரெண்டு பேரும் சுவாமியைப் பற்றி ஊர்ல குறை பேசலை. சுவாமிகிட்டயே சொன்னாங்க. புலம்பலுக்கும் முறையீட்டுக்கும் அங்கேதான் வித்தியாசம். கோபத்தோட முகத்தைப் பார்க்கிறவன் இன்னும் திரும்பிப் போகலை.

சரி, வாசி தீர்ந்தது, கண் வந்தது. பேராவூரணித் தென்னை எழுந்து நிற்கலை. இதையும் சொல்லித்தான் ஆகணும். முறையிட்டா போனதெல்லாம் திரும்பிடும்னு நான் எழுத மாட்டேன். ஆனா சிக்கலை நினைச்சுப் பாருங்க. வேல் வாங்கும்போது சிங்காரவேலர் திருமுகத்துல வியர்வை முத்து முத்தா அரும்பும், பட்டுத்துணியால ஒற்றி எடுப்பாங்க. போருக்கு முன்னாடி வியர்க்கிற சாமி நம்மது. அவர் முன்னாடி நாம எதுக்குச் சிரிச்ச முகமா நடிக்கணும்?

வர்ற செவ்வாய்க்கிழமை கவசம் படிச்சு முடிச்சதும் உடனே எழுந்திடாதீங்க. அஞ்சு நிமிஷம் உட்காருங்க. வீட்டுல பேசுற தமிழே போதும். 'கஷ்டம் தீரணும்'னு பொத்தாம்பொதுவா வேண்டாம். எந்தக் கடன், எவ்வளவு, என்னைக்குத் தவணை. கொள்முதல் நிலையத்துல எத்தனை நாளா மூட்டை நனையுது. எந்தத் தேர்வு, எத்தனாவது தடவை. கோபம்னா கோபம்னே சொல்லுங்க. அழுகை வந்தா துடைக்காதீங்க. மனசு ரொம்ப இருண்டு கிடந்தா வீட்டுல ஒருத்தர்கிட்டயும் வாய் திறந்து சொல்லுங்க. சம்பந்தருக்கே மடத்துக்காரங்க வந்து சொன்ன பிறகுதான் வாசி விஷயம் தெரிஞ்சுது.

உங்க சிநேகிதர் யாராவது "முருகன் எனக்கு என்ன செஞ்சான்?"னு கேட்டா, கர்மா பாடம் எடுக்காதீங்க. பக்கத்துல உட்காருங்க. அவங்க பேசி முடிக்கட்டும். அப்புறம் விபூதி டப்பாவை அவங்க பக்கம் நகர்த்தி வைங்க.

வேலும் மயிலும் துணை.