எம்.ஏ. படிக்கலாமா?



பி.ஏ. முடித்த பிள்ளை, "தமிழில் எம்.ஏ. படிக்கிறேன்" என்றதும், "அதனால் சோறு கிடைக்குமா?" என்று வீட்டார் கேட்கின்றனர். கேட்பது குற்றமன்று, உழைத்துச் சோறு போடுகிறவர்களுக்கே அதன் அருமை தெரியும். ஆனால் அது ஒன்றே கேள்வியன்று.

தனிநாயக அடிகளாரை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் 1913-ல் பிறந்து, ரோமாபுரியில் 1938-ல் குருப்பட்டம் பெற்றவர். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றுகையில், தம் தமிழறிவு போதாதென உணர்ந்தார். 1945-ல், 32 வயதளவில், நமக்கு வடக்கே சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்தார். அதன் பலனைத் தமிழுலகம் கண்டது. 1964-ல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார்; 1966-ல் கோலாலம்பூரில் அதன் முதல் மாநாடு கூடிற்று.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். குருவான அவருக்குக் காப்பாற்ற மனைவி மக்களில்லை. தகப்பனின் கடனும் தங்கையின் கலியாணமும் தோளிலுள்ள பிள்ளைக்கு அவர் வழியை அப்படியே காட்டுவது நியாயமன்று.

ஆகவே பிள்ளைகளே, உங்களையே கேளுங்கள்: இது மெய்யான அறிவுப் பசியா, வேலை தேட அஞ்சி நாள் கடத்துவதா? செலவைச் சுமப்பவர் யார்? தாயின் நகையை அடகு வைத்துப் படிக்க வேண்டாம். சில வருடம் உழைத்தபின்னும் சேரலாம். அடிகளார் அந்த வயதிலன்றோ சேர்ந்தார்!

பெற்றோரே, பசி மெய்யானால் பரிகசிக்காதீர்கள். காத்திருக்கச் சொல்லலாம், கைவிடச் சொல்ல வேண்டாம்.

உங்கள் பங்குக் குருவானவர்