ஓய்வு நாளில் சர்வர் ஓடலாமா?

வெள்ளி மாலை பொழுது சாய்ந்ததும் யூதர்களின் ஓய்வு நாள் தொடங்குகிறது. அன்று யாரும் கை வைக்காமல் சர்வர் தானே செய்யும் வேலை யார் கணக்கில் சேரும்? யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஷம்மாய் பள்ளியும் ஹில்லேல் பள்ளியும் இதே கேள்வியில்தான் மோதின. மையும் சாயப் பொருளும் வெள்ளி பகலிலேயே ஊறி முடிந்துவிட வேண்டும் என்றது முதல் பள்ளி. வெளிச்சம் இருக்கும்போதே ஊறப்போட்டால் போதும் என்றது இரண்டாவது. ஹில்லேல் தரப்பே சட்டமாக நிலைத்தது. ஓய்வு மனிதனுக்கு, கருவிக்கு அல்ல.

அப்படியானால் பேக்கப் தாராளமாக ஓடட்டும். ஆனால் ஓய்வு நாளைக் கடைப்பிடிக்கும் நியூயார்க்கின் பி அண்டு எச் கேமரா கடை அன்று இணையத்திலும் ஆர்டர் எடுப்பதில்லையே, அது மிகையா? இல்லை. சாயம் ஊறுவதில் எதிர்த்தரப்பு கிடையாது. விற்பனை இன்னொரு மனிதரோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல். விற்பனை சார்ந்த சர்வர் வேலைகளை நிறுத்துவதும் ஒரு வேலைதானே என்று கேட்கலாம். வேலைதான்; அதனால்தான் அதை ஏபிஐ வழியாக வெள்ளி பகலிலேயே முடித்துவிட வேண்டும். சர்வர் வேலைகளை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், குறித்த நேரங்களில் தானே ஓடும் ‘கிரான்ஜாப்’ வேலைக்கு ‘சஸ்பெண்ட்’ அமைப்பை இயக்கினால் அடுத்த சுற்றுகள் மட்டுமே நிற்கும். முன்பே தொடங்கியது ஓடி முடியும். ஹில்லேல் பள்ளி பார்த்ததும் வேலை முடியும் நேரத்தை அல்ல, மனிதன் அதைத் தொடங்கிவைத்த நேரத்தைத்தான்.