சொந்தச் செலவில் ஒரு கந்தர்வலோகம்

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினால் சில சமயம் 'ஆசிரியரின் சொந்த வெளியீடு' என்று ஒரு வரி கண்ணில் படும். அதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவோர் பலர். எந்தப் பிரசுரகர்த்தரும் தொடாத சரக்கு போலிருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். எனக்குத் தோன்றுவது வேறு. 'சொந்த' என்கிறார்களே, அது யாருடைய சொந்தம்? எழுதியவருடையது மட்டுந்தானா?

எழுதியது சமையல் புத்தகமாகவோ சோதிட நூலாகவோ இருந்தால் இந்தக் கேள்வியின் முனை மழுங்கிவிடும். நாலு பேருக்கு உபயோகம், போட்ட முதலும் திரும்பும் என்று சொல்லிக் கொள்ளலாம். ஆனால் பறக்கும் ரதங்களையும், எந்தப் படத்திலும் இல்லாத ராஜ்யங்களையும் எழுதிய ஒருவன், பெட்டியில் இருந்த பணத்தை அச்சுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் அவன் என்ன நியாயம் சொல்வான்? இல்லாத உலகத்துக்காக, இருக்கும் வீட்டை அடகு வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா?

தமிழில் இதை நினைக்கும்போது பாரதியார்தான் முதலில் வந்து நிற்கிறார். கவியாகவே அவரைப் பார்த்துப் பழகிவிட்டோம். கற்பனையுலக சஞ்சாரக் கதை ஒன்றும் அவர் எழுதினார் என்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. அதுதான் 'ஞானரதம்'. புதுச்சேரியில் அவர் இருந்த நாட்களில், 1910-ல் புத்தகமாக வந்தது. கதை சொல்பவன் ரதமேறி உபசாந்தி லோகத்துக்குப் போகிறான். கந்தர்வ லோகத்தில் மயங்குகிறான். சத்திய லோகத்தையும் தர்ம லோகத்தையும் பார்க்கிறான். இடையில் மண்ணுலகமும் வருகிறது. அங்கே காலை வைத்ததும் வீட்டுக் கவலைகள் வரிசையாக எதிரே வந்து நிற்கின்றன. எந்த லோகத்துக்குப் போனாலும் திரும்பி வருகிற இடம் குடிக்கூலி கொடுக்க வேண்டிய வீடுதான் என்பது எழுதியவருக்குத் தெரியாமல் இல்லை.

தெரிந்தும் அவர் நிறுத்தவில்லை. 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்ற சிறு புத்தகங்களை 1911-ல் சென்னை அரசாங்கம் தடை செய்தது. 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகம் 1912-ல் வந்தது; இரண்டாம் பாகத்தை அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1920-ல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு அவர் விடுத்த அறிக்கை ஒன்று உண்டு. தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடப் போவதாகவும், முதற்செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டுமென்றும், கடன் தருவோருக்கு வட்டியும் உண்டென்றும் அதில் கணக்குப் போட்டிருந்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தம் நூல்கள் விலையாகும் என்று நம்பினார். மொத்தம் நாலு லட்சம் பிரதிகள்! ஞானரதத்தைவிட எனக்கு இந்தக் கணக்குதான் பெரிய கற்பனையாகத் தெரிகிறது. பணம் வரவில்லை. மறு வருஷம், 1921 செப்டம்பரில், 38 வயதில் அவர் போய்விட்டார்.

இங்கே நாம் எல்லோரும் ஒரு தவறான வழியில் தப்பித்துக் கொள்கிறோம். 'பிற்காலம் அவரைக் கொண்டாடிற்று. ஆகவே அவர் பட்டதும் பிறரைப் படுத்தியதும் நியாயமே' என்கிறோம். எனக்கு இது ஒப்பவில்லை. சமைக்க வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்தார் என்ற கதையை நாம் ரசித்துச் சொல்கிறோம். அந்த அரிசிக்காக அண்டை வீட்டில் போய் நின்றவள் செல்லம்மாள். ஐம்பது வருஷம் கழித்து வந்த புகழ், அன்றைய மதிய உலையில் விழுமா? இன்னொன்றும் இருக்கிறது. புகழ்தான் நியாயமென்றால், புகழ் வராத நூறு பேர் குற்றவாளிகளாகி விடுகிறார்கள். எழுதும்போது இருவரும் ஒரே நிலையில்தானே இருந்தார்கள்?

அந்த நூறு பேரில் ஒருவரை எனக்குத் தெரியும். போளூரில் பட்டுத்தறி வைத்திருப்பவர். ஆரணிப் பட்டு என்று கடையில் நாம் வாங்குவது ஆரணியில் மட்டும் நெய்யப்படுவதல்ல. சுற்றுப்பட்ட ஊர்களிலும் தறிகள் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரின் மர்ம நாவல்களை ஒரு காலத்தில் தமிழ்நாடே விழித்திருந்து படித்தது. அந்தக் காற்று இன்னும் அந்தப் பக்கத்தில் வீசுகிறதோ என்னவோ. நம் நண்பர் எழுதியதும் ஒரு மாயக்கதை. ஊரை ஒட்டி நிற்கும் சம்பத்கிரி மலைக்குள் ஒரு சுரங்கம். அதன் மறுமுனை ஜவ்வாது மலைக்கு அப்பால் வேறொரு உலகத்தில் திறக்கிறது. இரண்டு அத்தியாயங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. மற்றவை சுமார். ஐந்நூறு பிரதி அச்சிட்டார், நூறுகூடப் போகவில்லை. மிச்சம் பரணில் இருக்கிறது.

நான் போயிருந்தபோது அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக் கொண்டிருந்தார். பட்டுச் சேலை ஒருவர் வேலையன்று. தார் சுற்றுவதும், அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கை வேலை. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று தறியில் உட்கார்ந்தவர் பெயரில் வருகிறது.

"கதை எப்படிம்மா, படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சேங்க ஐயா. நல்லாத்தான் இருக்குது. சொந்தமா பட்டு வாங்கி நெய்யலாம்னு சேத்து வெச்ச பணம் அது." ராட்டை நிற்கவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பேங்க. கேக்கலையே."

நண்பரிடம் பிறகு தனியே இதைச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அலட்சியம் செய்ய முடியவில்லை. "எப்படி ஐயா கேட்பது? சேலை என்றால் மாதிரி காட்டலாம். மலைக்குள் ஒரு உலகம் இருக்கிறது, அதற்குப் பணம் கொடு என்று வாயால் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். அச்சில் வந்தால்தான் அது உலகம்."

எழுதுகிற எல்லோருக்கும் இந்தச் சங்கடம் உண்டு; கற்பனையுலகம் படைப்பவனுக்கு இரட்டிப்பாக உண்டு. முன்கூட்டிச் சொன்னால் அவன் சரக்கு பைத்தியக்காரத்தனமாகத் தொனிக்கும். ஆயினும் கேட்க வெட்கப்பட்டது எடுக்க வெட்கப்படவில்லையே என்றுதான் நான் நினைத்தேன்.

இங்கிலாந்தில் வில்லியம் பிளேக் என்ற கவி இருந்தார். 'யூரிஸன்' என்று தாமே ஒரு தெய்வத்தைச் சிருஷ்டித்து, 1794-ல் அவனுக்கு ஒரு புராணமும் எழுதி, தாமே செப்புத் தகட்டில் செதுக்கித் தாமே அச்சிட்டவர். வாங்க ஆளில்லை. 1809-ல் தம் சகோதரருடைய காலுறைக் கடையின் மாடியில் சித்திரக் கண்காட்சி வைத்தார். வந்தவர் வெகு சிலர், பத்திரிகை ஒன்று அவரைப் பித்தர் என்றே எழுதிற்று. அவர் மனைவி காதரின் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் கீறல் போட்டவள். பிளேக் அவளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார்; அச்சடிக்கவும் வர்ணம் தீட்டவும் பழக்கினார். வீட்டில் காசு தீர்ந்தால் அவள் வாய் திறந்து சொல்வதில்லையாம். சாப்பாட்டு வேளையில் காலித் தட்டை எடுத்து அவர் முன் வைப்பாளாம். அவரும் எழுந்து கூலி வேலைக்குச் செதுக்கப் போவார்.

காதரின் பட்ட வறுமை போளூர் அம்மையார் பட்டதைவிடக் குறைவன்று. ஆனால் அந்தப் புத்தகங்களில் அவள் கை இருந்தது. காலித் தட்டை வைக்கிற அதிகாரமும் இருந்தது. போளூரில் சேலைக்குத் தார் சுற்றிய கைக்குக் கதையில் வேலையில்லை. நஷ்டத்தில் மட்டும் பங்கு கிடைத்தது. புத்தகம் விற்றிருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திராது.

ஆகையால் எழுத்து உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதை வைத்து உரிமையைத் தீர்மானிக்க நான் தயாரில்லை. சுமாரான கதை எழுதியவனுக்கும் அதை அச்சிட்டுப் பார்க்கும் ஆசை நியாயமானதே. எனக்கும் அந்த ஆசை இருந்தது. இல்லையென்றால் உங்கள் கையில் இந்தப் பக்கம் இராது. யாருடைய உலையிலிருந்து அரிசி போகிறதோ அவர்களையும் அந்த ரதத்தில் ஏற்றிக் கொண்டானா என்பதை மட்டும் கேட்கிறேன். ஏற மாட்டேன் என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

செல்லம்மாளை யாரும் ஏற்றவில்லை. கணவர் போன பிறகு அவரே ஏறினார். 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் 1922-ல் 'சுதேச கீதங்க'ளை வெளியிட்டவர் அவர்தாம். தமிழ்நாடு ஆதரிக்க வேண்டுமென்று கேட்கவும் கேட்டார். அந்த முயற்சியும் நிலைக்கவில்லை. உரிமை உறவினர் கைக்கு மாறிற்று. 1949-ல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றுக் கொண்டபோது செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலைக்கு 5,000 ரூபாய் கொடுத்தது.