யாரும் சேராத வகுப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகளில் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரியின் படிப்புப் பட்டியலில் அப்பாவின் விரல் மேலிருந்து கீழே இறங்கும். கம்ப்யூட்டர் சயின்ஸில் நிற்கும். காமர்ஸில் கொஞ்சம் இளைப்பாறும். 'பி.ஏ. ஃபிலாஸஃபி' என்ற வரி வந்ததும், எக்ஸ்பிரஸ் பஸ் சின்ன ஸ்டாப்பைத் தாண்டுவது போல சர்ரென்று போய்விடும். 'இதைப் படிச்சுட்டு என்ன பண்றது?'

நாம் தாண்டிப் போவது இருக்கட்டும். கல்லூரியே அந்த வரியை அடித்துவிட்டால்? அதுவும், கடவுள் பெயரைச் சொல்லி ஆரம்பித்த ஒரு பல்கலைக்கழகம், கடவுளைப் பற்றிய படிப்பையே அடித்துவிட்டால்?

அமெரிக்காவில் நடந்தது இது. வாஷிங்டனிலிருந்து பொடோமாக் ஆற்றைத் தாண்டினால் ஆர்லிங்டன். அங்கே மேரிமவுண்ட் என்று ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். 1950-ல் கன்னியாஸ்திரீகள் பெண்களுக்காக ஆரம்பித்தது; பிற்பாடு ஆண்களும் வந்தார்கள். நர்ஸிங், பிஸினஸ், கம்ப்யூட்டர் என்று வளர்ந்தது. 2023 பிப்ரவரியில் அதன் அறங்காவலர் குழு ஒரு பட்டியலை ஓட்டுக்கு விட்டது. இறையியல், தத்துவம், ஆங்கிலம், வரலாறு, கணிதம், சமூகவியல், கலை, பி.ஏ. பொருளாதாரம்... இவற்றில் இனிமேல் பட்டப் படிப்பு வேண்டாம். அத்தனை பேரும் கை தூக்கினார்கள். எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை.

கணிதம்கூட! ஏதோ கவிதை, தத்துவம் என்று உதவாக்கரைப் படிப்பைத்தான் தூக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், மறுபடியும் பட்டியலைப் படியுங்கள்.

கோபப்படுவதற்கு முன்னால் நிர்வாகத்தின் பக்கத்தையும் கேட்டுவிடுவோம். இந்தப் படிப்புகளில் சேருகிறவர்கள் தொடர்ந்து குறைவு. முடித்துப் பட்டம் வாங்குகிறவர்கள் குறைவு. இனிமேல் வளரும் என்ற நம்பிக்கையும் இல்லை. பிள்ளைகள் எதைத் தேடி வருகிறார்களோ அங்கே பணத்தைப் போடுவதுதானே பொறுப்பு? தவிர, பாடத்தை ஒன்றும் ஒழித்துவிடவில்லை. எல்லா மாணவர்களும் படிக்கிற பொதுப் பாடத்தில் தத்துவமும் இறையியலும் இருக்கத்தான் போகின்றன. அதில் பட்டம் வாங்குகிற வழி மட்டும்தான் மூடப்படுகிறது.

நியாயமாகத்தான் படுகிறது, இல்லையா? நாலு பேர் சாப்பிடுகிற பதார்த்தத்தை நாற்பது பேர் காசில் ஏன் சமைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு, நூற்று எழுபது வருஷம் பின்னால் போவோம். டப்ளின் நகரம். ஏனென்றால், கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்றால் அதில் என்னென்ன துறை இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்த ஒரு மனிதர் அங்கேதான் வருகிறார்.

அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கர்கள் மேல்படிப்புக்குப் போக சரியான இடம் இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் பெல்ஃபாஸ்ட், கார்க், கால்வே என்று மூன்று ஊர்களில் கல்லூரி கட்டி 1849-ல் திறந்தது. எந்த மதத்துக்கும் சார்பில்லாத கல்லூரிகள். இறையியல் துறை கிடையாது. 'கடவுள் இல்லாத காலேஜ்' என்று அவற்றுக்குப் பெயர் விழுந்தது. ஆயர்கள் அங்கே போகாதீர்கள் என்றார்கள். சரி, நாமே ஒன்று கட்டுவோம் என்று கிளம்பினார்கள். பணம்? ஊர் ஊராகக் கோயில்களில் தட்டேந்தினார்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்து முடிந்த கையோடு நடக்கிறது இது. மிஞ்சிய குடியானவன் காணிக்கைத் தட்டில் போட்ட பென்னிகளில் எழுந்தது அந்தப் பல்கலைக்கழகம். அவன் பிள்ளை அந்த வாசல்படியை மிதிக்கப் போவதில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

தலைமைக்கு இங்கிலாந்திலிருந்து ஜான் ஹென்றி நியூமனை அழைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலிக்கன் பாதிரியாராக இருந்து, 1845-ல் கத்தோலிக்கரானவர். 1852-ல் டப்ளினுக்காக அவர் எழுதிய சொற்பொழிவுகளில் இரண்டு விஷயங்கள் நமக்கு வேண்டும்.

ஒன்று, அறிவு என்பது வேறு எதற்கோ வாங்குகிற டிக்கெட் இல்லை. உடம்பு ஆரோக்கியமாக இருப்பது எப்படி தன்னளவிலேயே நல்லதோ, அப்படித்தான் பக்குவப்பட்ட அறிவும். ஆரோக்கியத்தை வைத்து மூட்டை தூக்கலாம், ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கலாம். ஆனால் மூட்டை தூக்குவதற்காக மட்டும் யாரும் ஆரோக்கியமாக இருக்க ஆசைப்படுவதில்லை.

இரண்டாவது இன்னும் சுவாரஸ்யமானது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு துறையை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது என்றார். பக்கத்துத் துறைகள் வேலியை நகர்த்திக்கொண்டு உள்ளே வந்துவிடும். மனையை அப்படியே போட்டுவிட்டு வெளிநாடு போனவர்களைக் கேட்டுப்பாருங்கள், சொல்வார்கள். இறையியல் இருந்த இடத்தில் பொருளாதார நிபுணர் ஏறி நின்று எது நல்ல வாழ்க்கை என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பிப்பார். அவர் கெட்டவர் இல்லை. அவர் துறைக்கு அந்தக் கேள்வியை அளக்கிற கோல் கிடையாது, அவ்வளவுதான். நியூமன் இதைப் பக்திக்காகச் சொல்லவில்லை. அறிவின் கணக்கு தப்பாகிவிடும் என்பதற்காகச் சொன்னார். இறை நம்பிக்கை இல்லாதவர்களும் 'கடவுள்' என்ற இடத்தில் 'அறம்' என்று போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகம் 1854 நவம்பரில் திறந்தது. ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவைப் பார்த்த 86-ம் நம்பர் வீடு. மாணவர்கள் சொற்பம். பிரிட்டிஷ் அரசு சாசனம் தரவில்லை, ஆகவே அது கொடுத்த பட்டத்துக்கு சட்டப்படி மதிப்பில்லை. அடுத்த வருஷம் ஸிஸிலியா தெருவில் மருத்துவப் பள்ளி திறந்தார்கள். அது மட்டும் பிழைத்துக்கொண்டது! காரணம் எளிது. அங்கே படித்தவர்கள் வெளியில் இருந்த மருத்துவ அமைப்புகளின் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க முடிந்தது. அறிவே அறிவின் பயன் என்று பேசியவரின் பல்கலைக்கழகத்தைத் தூக்கி நிறுத்தியது, உத்தியோகம் தரும் படிப்பு.

'பார்த்தீர்களா, சாமி கட்டினாலும் சந்தைதான் ஜெயிக்கும்' என்று மேரிமவுண்ட் நிர்வாகி சிரிக்கலாம். சிரிக்கட்டும். அந்த மருத்துவப் பள்ளியை ஆரம்பித்ததும் நியூமன்தான். டப்ளின் ஆஸ்பத்திரிகளில் பொறுப்பான இடங்களில் கத்தோலிக்க டாக்டர்கள் அரிதாக இருந்த காலம் அது. பயனுள்ள படிப்பை அவர் கேவலமாக நினைக்கவே இல்லை. பயன் மட்டுமே போதும் என்பதைத்தான் மறுத்தார்.

இன்னொரு நியமனமும் செய்தார். யூஜீன் ஓகர்ரி. கிளேர் மாவட்டத்து விவசாயியின் மகன். முறையான பள்ளிப் படிப்பென்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் பழைய ஐரிஷ் கையெழுத்துச் சுவடிகளை வாசிப்பதில் அவருக்கு நிகர் அன்றைக்கு அயர்லாந்தில் அபூர்வம். அவரை ஐரிஷ் வரலாறு, தொல்லியல் பேராசிரியராக உட்கார வைத்தார் நியூமன். இதைப் படித்துவிட்டு என்ன பண்ணுவது? ஒன்றும் பண்ண முடியாது. வேலை கிடையாது. பட்டமே செல்லாது என்கிறபோது, அதிலும் சுவடி படிப்பதற்கு யார் சம்பளம் தருவார்கள்? ஆனாலும் ஓகர்ரி பேசினார். வந்து உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர் நியூமனே. ஆங்கிலேயர். ஐரிஷ் மொழி தெரியாது. அந்தப் பேச்சுகள் 1861-ல் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் புத்தகமாயின. பழைய ஐரிஷ் சுவடிகளைப் பற்றி எழுத வந்தவர்களுக்கெல்லாம் அது அடிப்படை நூலாயிற்று. அடுத்த வருஷம் ஓகர்ரி இறந்துபோனார். கொஞ்சம் தாமதித்திருந்தால், சேர்க்கை கூடட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால், அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரோடு போயிருக்கும்.

இங்கேதான் 'நாலு பேர் சாப்பிடுகிற பதார்த்தம்' என்ற கணக்கு எனக்கு உதைக்கிறது. ஒரு துறைக்கு இந்த வருஷம் அப்ளிகேஷன் போட்டவர்கள் மட்டும்தான் அதன் சொந்தக்காரர்களா? இன்னும் பிறக்காதவனுக்கு அட்மிஷன் ஃபாரம் வாங்கத் தெரியாது. செத்துப்போனவர்கள் எழுதி வைத்துப் போனதற்கு ஓட்டுரிமை இல்லை. சேர்க்கை எண்ணிக்கை என்பது பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைகள், கடன் பயத்தோடும் அப்பாவின் விரலைப் பார்த்துக்கொண்டும் போட்ட ஓட்டு. அதை மதிக்கலாம். அதை மட்டுமே மதித்தால்?

'பொதுப் பாடத்தில்தான் இருக்கிறதே' என்பதற்கும் பதில் உண்டு. ஒன்றாம் வகுப்பு மட்டும் நடக்கிற பள்ளிக்கூடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாத்தியார் வருஷா வருஷம் 'அ, ஆ' சொல்லித் தருகிறார். இரண்டாம் வகுப்புக்கு யாரும் வருவதில்லை. பத்து வருஷத்தில் அந்த வாத்தியார் என்ன ஆவார்? அவரை மடக்கிக் கேள்வி கேட்கிற மாணவன் என்று ஒருவன் இருக்க மாட்டான். நல்ல ஆசிரியர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். அந்த நாற்காலிக்கு, மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிற ஒருவர் வருவார். அடுத்த வருஷம் அவரும் இருக்க மாட்டார். பாடத்தின் பெயர் போர்டில் இருக்கும். நர்ஸிங் படிக்கிற பெண், 'வலி தாங்க முடியவில்லை, என்னைப் போக விடுங்கள்' என்று கெஞ்சும் நோயாளியிடம் எது சரி, எது தப்பு என்று ஒரு நாள் குழம்பிப்போய் வருவாள். அப்போது பதில் சொல்ல ஆளில்லாவிட்டாலும், ஹாஸ்பிடலின் சட்டப் பிரிவு இருக்கும். வேலி நகர்ந்துவிட்டது!

சரி, இவ்வளவும் பேசியாயிற்று. யார் காசு கொடுப்பது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு அறிவின் பெருமை பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நியூமனின் பேச்சில் வருகிற மாணவன், வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாத வீட்டுப் பிள்ளை. அவனுக்கு அறிவு தன்னளவில் இனிக்கும். பகலில் வேலை பார்த்து, ராத்திரியில் படித்து, இருபது வருஷம் கடன் கட்டப் போகிற நர்ஸிங் மாணவியிடம் போய், 'அம்மா, உன் ஃபீஸில் கொஞ்சம் எடுத்துத் தத்துவத் துறைக்குக் கொடுக்கிறோம்' என்று சொல்ல வேண்டும் என்றால், எனக்கு நாக்கு எழவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட குடியானவன் பென்னி போட்டபோதும் இதே கூச்சம் யாருக்காவது வந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று பாருங்கள். தத்துவத்துக்கு லேபரட்டரி வேண்டாம். மெஷின் வேண்டாம். ஒரு அறை, ஒரு கரும்பலகை, ஒரு ஆள், கொஞ்சம் புத்தகம். கணிதத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு பல்கலைக்கழகம் விளம்பரத்துக்கும் வரவேற்பறை கிரானைட்டுக்கும் பெரிய பதவிகளின் பெரிய சம்பளத்துக்கும் செலவழிக்கிறபோது, அந்த மாணவியின் ஃபீஸை யாரும் நினைப்பதில்லை. இரண்டு தத்துவப் பேராசிரியர்களின் சம்பளம் வரும்போதுதான் அவள் ஞாபகம் வருகிறது. முதலில் மற்ற வரிகளில் கை வையுங்கள். எல்லாம் வெட்டிய பிறகும் முடியவில்லை என்றால், அப்போது வாருங்கள், பேசலாம். அப்போது மூடினாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். வருத்தப்படுவேன்.

நியூமன் நாலே வருஷத்தில் அலுத்துப்போய், 1858-ல் ராஜிநாமா செய்தார். 2019-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார்கள். மேரிமவுண்டின் 2023 இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

அவர் தொடங்கியது பின்னால் யூனிவர்ஸிட்டி காலேஜ் ஆகி, இயேசு சபையினர் கைக்குப் போயிற்று. அதே 86-ம் நம்பர் வீட்டில் அவர்கள் நடத்திய வகுப்புகளில் இத்தாலிய மொழி வகுப்பும் ஒன்று. சேர்ந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மேரிமவுண்ட் கணக்குப்படி முதல் வெட்டே அதற்குத்தான் விழுந்திருக்கும். ஒரு பாதிரியார் பாடம் எடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பையனின் பெயர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1902-ல் பட்டம் வாங்கிக்கொண்டு போனான். பின்னாளில் திருச்சபையை விட்டும் போனான். அந்த வீடு இப்போது அயர்லாந்தின் இலக்கிய மியூஸியம். அவன் எழுதிய 'யுலிஸஸ்' நாவலின் முதல் நம்பர் பிரதியை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.